செடி இருந்தால் மோட்டார் வேண்டாமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். வீட்டில் இரண்டடி கண்ணாடித் தொட்டி. நான்கு கோல்டு ஃபிஷ், பத்து கப்பி, கண்ணாடியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லிக் கொடுத்த ஒரு சக்கர் மீன். கடையில் வாங்கிய ஐந்தாறு வகைச் செடிகள். "செடி இருக்கும்போது மோட்டார் எதற்கு, ஆக்ஸிஜன் அதுவே கொடுக்கும்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். இப்போது விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. செடி அழுகுகிறது. கண்ணாடி பச்சை பிடிக்கிறது. எத்தனை மீனுக்கு எத்தனை செடி என்று ஏதாவது கணக்கு இருக்கிறதா என்பது அவர் கேள்வி.

மீன் எண்ணிக்கைக்கும் செடி எண்ணிக்கைக்கும் கணக்கு கிடையாது. கணக்கு தீவனத்துக்குத்தான். தொட்டிக்குள் தினமும் புதிதாகப் போகும் பொருள் தீவனம் ஒன்றுதான். அது மீன் வழியாக அம்மோனியாவாக மாறுகிறது. அந்த அம்மோனியாவைத் தொட்டியில் குடியேறும் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும். வெளியே வருவதற்கு இரண்டே வழி: நீங்கள் வெட்டி எடுக்கும் செடி, நீங்கள் மாற்றும் தண்ணீர். இந்த இரண்டும் தீவனத்துக்கு ஈடு கொடுத்தால் தொட்டி தெளிவாக இருக்கும். கொடுக்காவிட்டால் மிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

எண்ணாகவே போட்டுப் பார்க்கலாம். உங்கள் தொட்டி 24 க்கு 12 க்கு 12 அங்குலம் என்றால் மொத்தக் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மணல், கல் போக 50 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். நல்ல தீவனத்தில் 40 சதவீதம் புரதம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக 1 கிராம் தீவனத்தில் 64 மில்லிகிராம் நைட்ரஜன். அத்தனையும் கடைசியில் நைட்ரேட் ஆனால் 280 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். 50 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு ஐந்தரை மில்லிகிராம். மீன் உடம்பில் தங்குவதைக் கழித்தாலும் 4 மில்லிகிராம் எங்கும் போகாது. குருணைத் தீவனம் ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம் இருக்கும். பிள்ளைகள் ஆசையாக ஒரு டீஸ்பூன் கொட்டினால் அன்றைக்கே லிட்டருக்குப் பத்துக்கு மேல் ஏறிவிடும். பத்து கப்பிக்கு ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தாராளம். நான்கு கோல்டு ஃபிஷ் அந்தச் சிட்டிகைக்கு அடங்காது. உங்கள் தொட்டியின் சிக்கலில் பாதி இங்கேதான் இருக்கிறது.

சரி, விடியற்காலை விஷயத்துக்கு வருவோம். இதுதான் அவசரம். வெளிச்சம் இருக்கும்போதுதான் செடி ஆக்ஸிஜன் விடும். விளக்கை அணைத்ததும் அதுவும் மீன் மாதிரி ஆக்ஸிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும். மணலில் அழுகும் இலையும் பாக்டீரியாவும் தம் பங்குக்கு எடுக்கும். இரவு முழுக்கச் செலவு, வரவு தண்ணீரின் மேற்பரப்பு வழியாக மட்டும். தண்ணீர் அசையாமல் நின்றால் அந்த வரவும் சொற்பம். அதனால் ஒரு நாளில் ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்புதான். பகல் பத்து மணிக்கு மீன்கள் ஒன்றுமே நடக்காத மாதிரி கீழே நீந்திக்கொண்டிருக்கும், நாமும் மறந்துவிடுவோம்.

பாலக்காட்டு வெயிலையும் இதில் சேர்க்க வேண்டும். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். 32 டிகிரியில் 7.3 தான். மீனுக்கோ சூடு ஏற ஏற ஆக்ஸிஜன் தேவை கூடும். பங்குனி, சித்திரையில் ஓட்டு வீட்டுக்குள் இருக்கும் தொட்டி 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஆக, செடி இருந்தாலும் ஏர் பம்ப் வேண்டும். செடி நிறைய இருந்தால் இரவில் இன்னும் கட்டாயம். பெரிய மோட்டார் எல்லாம் தேவையில்லை. சின்ன ஏர் பம்ப்பில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை மாட்டி விட்டால் மேற்பரப்பும் அசையும், பாக்டீரியாவுக்கு வீடும் ஆகும். கரன்ட் அடிக்கடி போகும் இடமென்றால் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழியாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்ப மாட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதில் குடியிருக்கும் பாக்டீரியா செத்துப் போகும், அம்மோனியா முதலில் இருந்து தொடங்கும்.

இனி தண்ணீர். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று சித்தூர்த் தாலுகாவின் கிழக்குப் பக்கம் முழுக்க மழை குறைவு, கரிசல் மண், ஆழ்துளைக் கிணறு. மேற்கே போனால் கிணற்றுத் தண்ணீர் மென்மையாக இருக்கும். இங்கே சுடுதண்ணீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளை படியும். தொட்டி பற்றி எழுதும் பலர் மென்மையான தண்ணீரை மனதில் வைத்துச் சொல்லும் யோசனைகள் நமக்கு அப்படியே பொருந்தாது.

கடினத் தண்ணீரை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், அதற்கேற்ற உயிர்களைத் தேர்ந்தால் போதும். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் கடினத் தண்ணீரை விரும்பும். செடியில் வாலிஸ்னேரியா, வாய்க்காலில் கொத்துக் கொத்தாக வளரும் ஹைட்ரில்லா இரண்டுக்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. தண்ணீரில் கரியமில வாயு தீர்ந்து போனால் பைகார்பனேட்டில் இருந்தே கார்பனைப் பிரித்து எடுத்துக்கொள்ளும். கடினத் தண்ணீரில் பைகார்பனேட் நிறையவே இருக்கும். அப்படி எடுக்கும்போது சுண்ணாம்பு இலை மேலேயே படியும். வாலிஸ்னேரியா இலையை விரலிடுக்கில் வைத்து மெதுவாக உருவிப் பாருங்கள், நறநறவென்று இருக்கும். அது நோய் இல்லை. செடி நன்றாகச் சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வரும் காற்று காய்ந்த காற்று. துணி அரை மணியில் உலர்ந்துவிடும், தொட்டித் தண்ணீரும் அப்படித்தான் குறையும். நாளுக்கு 5 மில்லிமீட்டர் இறங்கினால் இரண்டடித் தொட்டியில் கிட்டத்தட்ட 0.9 லிட்டர் போகிறது. மாதத்துக்கு 27 லிட்டர், பாதித் தொட்டிக்கு மேல். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டிக்குள்ளேயே நிற்கும். நாமோ குறைந்த இடத்தை மறுபடி போர்வெல் தண்ணீரால் நிரப்புகிறோம். அந்தத் தண்ணீரின் டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) 600 என்றால் மாதத்தில் 16 கிராம் உப்பைக் கூடுதலாகக் கரைத்துவிட்டோம். தொட்டியின் டிடிஎஸ் முன்பு இருந்ததைவிட 300 க்கு மேல் கூடியிருக்கும். "தண்ணீர் குறையக் குறைய ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறேன், அப்படியும் செடி வாடுகிறது" என்று இந்தப் பக்கத்தில் பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. வாரம் ஒரு முறை பத்து லிட்டர் வெளியே எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். ஆவியான அளவுக்கு மட்டும் மழைத்தண்ணீர் கிடைத்தால் ஊற்றுங்கள். ஓட்டில் முதல் மழை கழுவி விட்ட பிறகு பிடித்துத் தனி டிரம்மில் மூடி வைத்தால் காற்றுக்காலத்துக்கு உதவும். தொட்டி மேல் ஒரு கண்ணாடி மூடி போட்டாலே பாதி இழப்பு நின்றுவிடும்.

போர்வெல் தண்ணீரை மோட்டார் போட்டதும் நேராகத் தொட்டியில் விடக்கூடாது. பூமிக்கடியில் இருந்து வரும்போது அதில் ஆக்ஸிஜன் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கும். பக்கெட்டில் பிடித்து ஒரு இரவு ஏர் பம்ப் ஓடவிட்டால் சரியாகிவிடும். குடிநீர்த் திட்டக் குழாய்த் தண்ணீர் என்றாலும் அதே ஒரு இரவு. அங்கே காரணம் குளோரின்.

கடினத் தண்ணீரில் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். அதன் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) பெரும்பாலும் 8 ஐ ஒட்டி இருக்கும். தண்ணீரில் கலந்த அம்மோனியாவில் ஒரு சிறு பங்குதான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும், மீதி ஆபத்து குறைந்த அம்மோனியம். பிஹெச் 7 இல் இருந்து 8 க்கு ஏறினால் அந்தக் கொல்லும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். மென்மையான தண்ணீரில் தப்பிவிடக்கூடிய தீவனத் தவறு இங்கே தப்பாது. இந்த இடத்தில்தான் செடியின் உண்மையான உதவி. ஆக்ஸிஜன் கொடுப்பதற்காக அல்ல, அம்மோனியத்தை நேராக உறிஞ்சுவதற்காகவே செடி வைக்க வேண்டும். பாக்டீரியா முழுதாகக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வேகமாக வளரும் செடி நட்ட நாளில் இருந்தே வேலையைத் தொடங்கிவிடும்.

அதற்கு அது உண்மையில் வளர வேண்டும். அழுகுகிறது என்கிறீர்களே, அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். நர்சரிகள் பல செடிகளைத் தண்ணீருக்கு மேலே, ஈரக் காற்றில் வளர்த்து விற்கின்றன. அந்த இலை தண்ணீருக்குள் நிற்காது. இரண்டு மூன்று வாரத்தில் கரைந்து, அடியில் இருந்து வேறு வடிவில் புது இலை வரும். கிரிப்டோகோரைன் இன்னும் மோசம், தண்ணீர் மாறினாலே மொத்த இலையையும் உதிர்த்துவிடும். வேர் உயிரோடு இருந்தால் திரும்ப வரும், பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். எனவே பழைய இலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நுனியைப் பாருங்கள். நுனி பச்சையாக, நிமிர்ந்து இருந்தால் செடி பிழைத்துவிட்டது. கரைந்த இலையை மட்டும் தினமும் கிள்ளி எடுங்கள், தொட்டிக்குள் அழுகினால் அதுவும் தீவனக் கணக்கில்தான் சேரும்.

இரண்டாவது காரணம், அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் மணலுக்குள் புதைந்திருக்கலாம். அவற்றின் தடித்த கிடைத்தண்டு மண்ணுக்குள் போனால் அழுகும். ஒரு கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டி விட்டால் போதும். இவை மெதுவாக வளர்பவை, பார்க்க அழகு, அம்மோனியாவைக் குறைப்பதில் பெரிய உதவி இல்லை. வேலைக்கு வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, செரட்டோஃபில்லம் மூன்றையும் நிறையப் போடுங்கள். முதல் நாளே தரையில் முக்கால்வாசி பச்சையாக இருக்க வேண்டும். நான்கு கொத்து நட்டுவிட்டு வளரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் பாசி முந்திக்கொள்ளும்.

கடையில் சிவப்பாக, பட்டுத்துணி மாதிரி ஒரு ரொட்டாலா வைத்திருப்பார்கள். ரொட்டாலா மக்ராண்ட்ரா, நம் தென்னிந்தியச் செடிதான், கேரளத்திலேயே வளர்வது. சொந்த ஊர்ச் செடி, நம் தொட்டியில் பிழைக்காதா என்று தோன்றும். அது மென்மையான தண்ணீர்ச் செடி. பலத்த வெளிச்சமும் கரியமில வாயுவும் கேட்கும். உங்கள் போர்வெல்லில் பணம்தான் கரையும்.

மண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தோட்டத்துக் கரிசல் மண்ணை அள்ளிப் போடாதீர்கள். அதில் சுக்கான்கல் என்ற சுண்ணாம்புக் கல் கலந்திருக்கும், ஏற்கெனவே கடினமான தண்ணீர் இன்னும் கடினமாகும். சந்தேகம் இருந்தால் கொஞ்சம் மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம். கழுவிய மணல் இரண்டு அங்குலம் போதும். எம் சாண்ட் என்றால் தூள் போகும் வரை பல தடவை கழுவ வேண்டும். வேருக்கு இரும்புச்சத்து வேண்டுமென்றால் மேற்கே கிடைக்கும் செம்மண்ணை, எரு கலக்காததாகப் பார்த்து, கோலிக்குண்டு அளவில் உருட்டிக் காயவைத்து, செடியின் வேரடியில் ஒன்றிரண்டு புதைத்து விடுங்கள். வெட்டுக்கல் மண்ணின் சிவப்பு இரும்பின் சிவப்புதான். இந்த வெட்டுக்கல்லை 1807 இல் முதன்முதலாக விவரித்து லேட்டரைட் என்று பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கானன். பார்த்த இடம் இங்கிருந்து அதிக தூரமில்லாத அங்காடிப்புரம். பிறகு ஹாமில்டன் என்ற பெயரையும் சேர்த்துக்கொண்ட அதே ஆள்தான் 1822 இல் கங்கை மீன்களை விவரித்தபோது ஜீப்ரா டேனியோவுக்கும் அறிவியல் பெயர் வைத்தார். உங்கள் தொட்டிக்கு ஏற்ற மீன்களில் அதுவும் ஒன்று.

வெளிச்சம்: ஜன்னலோரத்தில் இருந்தால் இடத்தை மாற்றுங்கள். நேர் வெயில் படும் தொட்டியில் பச்சைத் தண்ணீரை எதுவும் நிறுத்தாது. எல்இடி விளக்கு ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம், டைமர் ப்ளக்கில். பாசி கூடினால் முதலில் தீவனத்தைக் குறையுங்கள், அடுத்து விளக்கை ஒரு மணி நேரம் குறையுங்கள். பாசிக்கு விற்கும் மருந்து கடைசி. செம்பு கலந்த மருந்து செடியையும் நத்தையையும் சேர்த்துத்தான் முடிக்கும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் போடும் கல்லுப்பும் செடிக்கு ஆகாது, நோயுற்ற மீனைத் தனி வாளியில் வைத்துச் சிகிச்சை செய்யுங்கள்.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலில் இருந்து கரியமில வாயு விடும் முறையை யாராவது சொல்வார்கள். வேண்டாம். அதை இரவில் நிறுத்த முடியாது. ஏற்கெனவே விடியலில் மூச்சு வாங்கும் மீனுக்கு அது இன்னொரு சுமை.

இனி மீன்கள். கோல்டு ஃபிஷ்ஷுக்கு வேறு இடம் பாருங்கள். வளர்ந்தால் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகும் மீன் அது, குளிர்ந்த தண்ணீரை விரும்பும், மென்மையான இலை கிடைத்தால் மேய்ந்துவிடும், மணலைக் கிளறி வேரை வெளியே எடுக்கும். அதன் கழிவு உங்கள் பத்துக் கப்பியும் சேர்ந்து தருவதைவிட அதிகம். கோல்டு ஃபிஷ்தான் வேண்டும் என்றால் செடியை விட்டுவிட்டுப் பெரிய தொட்டியும் நல்ல ஃபில்டரும் போடுங்கள், அதுவும் ஒரு நல்ல வழிதான். இரண்டையும் இரண்டடியில் வைத்துச் சமாளிக்க முடியாது. சக்கரும் அப்படியே. கடையில் விரல் நீளம் இருக்கும், ஒரு அடியைத் தாண்டி வளரும். கண்ணாடிப் பாசியைக் கொஞ்ச நாள் தின்னும், பிறகு தீவனத்துக்குப் பழகி அதுவே கழிவு போடும்.

கப்பியில் ஆணை மட்டும் வைத்திருங்கள். பெண் இருந்தால் மாதத்துக்கு ஒரு முறை குட்டி போடும், நான் மேலே சொன்ன தீவனக் கணக்கு மூன்று மாதத்தில் உடைந்துவிடும். ஆண் கப்பி பத்து, ஜீப்ரா டேனியோ ஆறு, இதற்கு மேல் உங்கள் தொட்டிக்கு வேண்டாம். மிஸ் கேரளா என்று சிவப்புக் கோட்டோடு ஒரு மீனைக் காட்டுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் மட்டுமே உள்ள டெனிசன் பார்ப் அது, அழிவின் விளிம்பில் உள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. கூட்டமாக, ஓடும் தண்ணீரில் நீந்தும் மீன், இரண்டடித் தொட்டிக்குள் அடைப்பது நியாயமில்லை.

இப்போதே என்ன செய்வது? இன்று இரவே ஏர் பம்ப். நாளை கால்வாசித் தண்ணீர் மாற்றம், அழுகின இலை மொத்தமும் வெளியே. இரண்டு நாள் தீவனமே வேண்டாம், வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. அந்த வாரத்துக்குள் கோல்டு ஃபிஷ்ஷும் சக்கரும் இடம் மாறட்டும், வேகமாக வளரும் செடிகள் உள்ளே வரட்டும். அதன் பிறகு ஒரு மாதம் எதையும் மாற்றாதீர்கள். புதுத் தொட்டியில் முதல் மாதம் பழுப்பாக ஒரு படலம் வரும், தானாகப் போகும்.

ஒரு மாதம் கழித்து இலைகளைப் பாருங்கள். அடி இலை மஞ்சளானால் நைட்ரஜன் போதவில்லை, தீவனத்தை ஒரு துளி கூட்டலாம். நுனி இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு. இலையில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழுந்தால் பொட்டாசியம். நத்தை கடித்த ஓட்டை ஓரம் பிய்ந்து இருக்கும், பொட்டாசியக் குறையில் ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம் இருக்கும். செடி வாரத்துக்கு ஒரு பிடி வெட்டும் அளவுக்கு வளர்ந்தால் தொட்டி சரியாக இருக்கிறது. வெட்ட எதுவும் இல்லை என்றால் மீன் சேர்க்க வேண்டாம்.

வெட்டியதை ஆற்றிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். 2020 இல் கோழிக்கோடு ஆவளப்பாண்டியில் ஓடை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்ததைப் பார்க்க ஊரே திரண்டது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த கபோம்பா அது. மீன் தொட்டிகளுக்காக விற்கப்படும் செடி. இரண்டங்குலத் துண்டு போதும், அது வேர் பிடித்துவிடும். மூலத்தறை தடுப்பணை வழியாக நம் வயல்களுக்கு வரும் தண்ணீரில் அது ஏறினால் எடுக்க முடியாது. சக்கர் மீனும் இப்படித்தான் கேரள நீர்நிலைகளில் பெருகிவிட்டது. கடைக்காரர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார், பெரும்பாலும் காசில்லாமல். வெட்டின செடியை வெயிலில் ஒரு நாள் காயப்போட்டு, நொறுங்கும் பதத்தில் தென்னைக்கோ வாழைக்கோ அடியில் போடுங்கள்; தண்ணீர் மாற்றும்போது வரும் பத்து லிட்டரையும் அங்கேயே ஊற்றிவிடலாம்.